கிளாரன்ஸ் டிமார்

கிளாரன்ஸ் ஹாரிசன் டிமார் (ஜூன் 7, 1888 – ஜூன் 11, 1958) அமெரிக்காவைச் சேர்ந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர் ஆவார். பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் ஏழு முறை முதலிடம் பெற்றவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் மாரத்தான் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்றார். தொழிலால் இவர் ஓர் அச்சுக்கோர்ப்பாளர். பின்னர் அச்சுக்கலை ஆசிரியராகவும் பணியாற்றினார். மாரத்தான் என்னும் சொல்லோடு இவரது பெயரை இணைத்து "மிஸ்டர் டிமாரத்தான்" என்று செய்தித்தாள்கள் இவரை அழைத்தன.

விளையாட்டு வரலாற்றில் மட்டுமன்றி மருத்துவ வரலாற்றிலும் டிமாரின் பெயர் இடம்பெற்றுள்ளது. இவரது இதயத்தில் கோளாறு இருப்பதாகவும், ஓட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்றும் 1911 ஆம் ஆண்டில் மருத்துவர்கள் அறிவுறுத்தினர். எனினும் அதன் பின்னர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவர் போட்டிகளில் ஓடினார். இறந்த பின் இவரது இதயத்தை ஆராய்ந்து வெளியிடப்பட்ட அறிக்கை, நெடுந்தொலைவு ஓட்டம் உடல்நலத்துக்கு நன்மை தருமா, தீங்கு தருமா என்ற விவாதத்தில் முக்கிய இடம் பெற்றது.

இளமைக்காலம்

டிமார் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மடிரா என்னும் ஊரில் பிறந்தார். இவருக்கு எட்டு வயதானபோது தந்தை காலமானார். குடும்பம் வறுமையில் வாடியதால், சிறுவனான டிமார் ஊசி, நூல் போன்ற சிறு பொருட்களை ஊர் ஊராகக் கொண்டு சென்று விற்றுத் தாய்க்கு உதவினார். சில ஆண்டுகளில் குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் வறுமை நீங்காததால், பாஸ்டன் துறைமுகத்தில் உள்ள தாம்சன் தீவில் ஏழைச் சிறுவர்களுக்காக நடத்தப்பட்ட பண்ணை மற்றும் தொழிற்பள்ளியில் இவர் சேர்க்கப்பட்டார். அங்கு இவர் கற்ற அச்சுத்தொழிலே இறுதிவரை இவரது வாழ்வாதாரமாக இருந்தது.

பின்னர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிப்புச் செலவுக்காக வேலை செய்துகொண்டே படித்தார். அங்கு 1909 ஆம் ஆண்டு நாட்டுப்புற ஓட்ட அணியில் இணைந்தார். பள்ளிப் பருவத்தில் எந்த விளையாட்டிலும் சிறந்து விளங்காத இவருக்கு, நீண்ட தொலைவை ஓரே சீராக ஓடும் ஆற்றல் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. குடும்பச் சூழல் காரணமாகப் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, பாஸ்டன் பகுதியில் அச்சகப் பணியில் சேர்ந்தார்.

முதல் வெற்றியும் மருத்துவர்களின் எச்சரிக்கையும்

1910 ஆம் ஆண்டு டிமார் முதன்முறையாகப் பாஸ்டன் மாரத்தானில் கலந்துகொண்டு, கனடாவைச் சேர்ந்த பிரெட் கேமரனுக்கு அடுத்ததாக இரண்டாம் இடத்தைப் பெற்றார். மறு ஆண்டு ஓட்டத்துக்கு முன்னர் ஓட்டக்காரர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், டிமாரின் இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்பதாகக் கண்டறிந்தனர். களைப்பு ஏற்பட்டால் ஓட்டத்திலிருந்து விலகிவிட வேண்டும் என்றும், அதன் பிறகு ஓட்டத்தையே விட்டுவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினர். அன்றைய ஓட்டத்தில் டிமார் விலகவில்லை. 2 மணி 21 நிமிடம் 39 நொடியில் ஓடி முடித்து, அப்பாதையில் புதிய சாதனையுடன் வெற்றி பெற்றார். அக்காலத்தில் பாஸ்டன் ஓட்டத்தின் தொலைவு இன்றைய 42.195 கிலோமீட்டரை விடக் குறைவாக, ஏறத்தாழ 39 கிலோமீட்டராக இருந்தது. எனவே இந்த நேரத்தைப் பிற்கால நேரங்களுடன் ஒப்பிடுவது பொருந்தாது.

இதய முணுமுணுப்பு என்பது இதயத்துடிப்பின் வழக்கமான இரு ஒலிகளுக்கு இடையே கேட்கும் கூடுதல் ஒலியாகும். இதய வால்வுகள் சரியாக மூடாமல் போனாலோ, குறுகிப் போனாலோ இவ்வொலி எழலாம். வால்வுகள் நல்ல நிலையில் இருந்தும், மிகுந்த அளவு இரத்தம் விரைந்து பாய்வதனாலும் எழலாம். இரண்டாவது வகை தீங்கற்றது. நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களிடம் காணப்படுவது. இன்று மீயொலி அலைகளைக் கொண்டு இதயத்தைப் படம்பிடித்து இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி அறிய முடிகிறது. 1911 ஆம் ஆண்டில் மருத்துவர்களிடம் அத்தகைய கருவி இல்லை. காதால் கேட்டதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அக்கால மருத்துவக் கருத்துகள்

கடும் உடற்பயிற்சி இதயத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் 19 ஆம் நூற்றாண்டிலிருந்தே நிலவி வந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடைபெறும் படகோட்டப் போட்டியில் கலந்துகொள்வோர் இளம் வயதிலேயே இறந்துவிடுவர் என்று பலர் நம்பினர். இதனைச் சோதிக்க விரும்பிய ஜான் மோர்கன் என்னும் மருத்துவர், 1829 முதல் 1869 வரை அப்போட்டியில் கலந்துகொண்ட படகோட்டிகளின் வாழ்நாளைக் கணக்கெடுத்து 1873 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்கள் பொதுமக்களை விடக் கூடுதல் காலம் வாழ்ந்தனர் என்பதே அவர் கண்ட முடிவு.

1899 ஆம் ஆண்டில் சுவீடன் மருத்துவர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப் பார்த்து அவர்களது இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டறிந்தார். இந்நிலை "விளையாட்டு வீரர் இதயம்" எனப் பெயர் பெற்றது. பெரிய இதயம் கூடுதல் வேலை செய்ய வல்லது என்று ஹென்ஷன் கருதினார். ஆனால் நோயுற்ற இதயமும் பெரிதாவதுண்டு என்பதால், வேறு பல மருத்துவர்கள் இதனை நோயின் அறிகுறியாகவே பார்த்தனர். டிமாருக்கு வழங்கப்பட்ட அறிவுரையும் இச்சூழலில் எழுந்ததே ஆகும்.

1912 ஒலிம்பிக் போட்டியும் இடைவெளியும்

1912 ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டிகளில் அமெரிக்காவின் சார்பில் மாரத்தான் ஓடிய டிமார் 12 ஆவது இடத்தைப் பெற்றார். கடும் வெயிலில் நடைபெற்ற அவ்வோட்டத்தில் கலந்துகொண்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேரே இறுதிவரை ஓடினர். போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ வழியிலேயே மயங்கி விழுந்து மறுநாள் இறந்தார். வெயிலிலிருந்து காத்துக்கொள்ள அவர் உடலில் பூசியிருந்த மெழுகு, வியர்வை வெளியேறுவதைத் தடுத்துவிட்டதாகக் கருதப்படுகிறது. இக்கால ஒலிம்பிக் போட்டியின்போது நேர்ந்த முதல் வீரர் மரணம் இதுவே.

அதன் பின்னர் டிமார் பல ஆண்டுகள் பெரிய போட்டிகளிலிருந்து விலகியிருந்தார். மருத்துவர்களின் எச்சரிக்கை, மாலை நேரப் படிப்பு, வெற்றிக்காக ஓடுவது தன்னலம் ஆகுமோ என்ற சமயம் சார்ந்த தயக்கம் ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இக்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவாக்கக் கல்விப் பிரிவில் பயின்று 1915 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1917 ஆம் ஆண்டு மீண்டும் பாஸ்டனில் ஓடி மூன்றாம் இடம் பெற்றார். முதல் உலகப் போரின்போது இராணுவத்தில் பணியாற்றினார்.

பாஸ்டன் வெற்றிகள்

முதல் வெற்றிக்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1922 ஆம் ஆண்டு, தமது 33 ஆவது வயதில் டிமார் மீண்டும் வென்றார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் முதலிடம் இவரிடமே இருந்தது. இவரது ஏழு வெற்றிகள் பின்வருமாறு:

1911 – 2 மணி 21 நிமிடம் 39 நொடி
1922 – 2 மணி 18 நிமிடம் 10 நொடி
1923 – 2 மணி 23 நிமிடம் 47 நொடி
1924 – 2 மணி 29 நிமிடம் 40 நொடி
1927 – 2 மணி 40 நிமிடம் 22 நொடி
1928 – 2 மணி 37 நிமிடம் 7 நொடி
1930 – 2 மணி 34 நிமிடம் 48 நொடி

பாதையின் தொலைவு 1924 ஆம் ஆண்டிலும் பின்னர் 1927 ஆம் ஆண்டிலும் நீட்டிக்கப்பட்டது. பிற்கால நேரங்கள் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். 1925 ஆம் ஆண்டு இரண்டாம் இடத்தையும் 1926 ஆம் ஆண்டு மூன்றாம் இடத்தையும் டிமார் பெற்றார். 1930 ஆம் ஆண்டு வென்றபோது இவருக்கு வயது 41. பாஸ்டன் மாரத்தானை வென்றவர்களில் மிக மூத்தவர் இவரே. சக்கர நாற்காலிப் பிரிவு நீங்கலாக, ஏழு வெற்றிகள் என்ற எண்ணிக்கையையும் வேறு எவரும் எட்டவில்லை.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பின்லாந்தின் அல்பின் ஸ்டென்ரூஸ், இத்தாலியின் ரொமேயோ பெர்டினி ஆகியோருக்கு அடுத்ததாக, 2 மணி 48 நிமிடம் 14 நொடியில் ஓடி வெண்கலப் பதக்கம் பெற்றார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 27 ஆவது இடத்தையே பெற முடிந்தது.

பயிற்சியும் அன்றாட வாழ்வும்

அக்கால விதிகளின்படி தொழில்முறை சாராதவர்களே இத்தகைய போட்டிகளில் ஓட முடியும், பரிசுத்தொகை கிடையாது. எனவே டிமார் முழுநேரமும் அச்சகத்தில் உழைத்தார். பயிற்சிக்குத் தனியே நேரம் ஒதுக்க இயலாததால், வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் ஓடியே சென்றார். மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்றை உடன் எடுத்துச் செல்வது இவரது வழக்கம். பெரிய போட்டிகளுக்கு ஆயத்தமாகும் காலங்களில் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடினார். மெல்ரோஸ் என்னும் ஊரில் வாழ்ந்த காலத்தில் ஞாயிறு சமயப் பள்ளியில் கற்பித்தும், சாரணர் படைக்குத் தலைமை தாங்கியும் வந்தார்.

1929 ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் கீன் நகரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அச்சுக்கலை ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1937 ஆம் ஆண்டு "மாரத்தான்" என்ற தலைப்பில் தன்வரலாற்று நூலொன்றை வெளியிட்டார்.

ஆய்வுக்கூடச் சோதனைகள்

பாஸ்டன் மாரத்தானுக்கு அருகிலேயே புகழ்பெற்ற மருத்துவமனைகளும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இருந்தமையால், அவ்வோட்டம் மருத்துவர்களுக்கு இயல்பாகவே ஓர் ஆய்வுக்களமாக அமைந்தது. 1924 ஆம் ஆண்டு ஓட்டத்தின் முடிவில் ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்த சாமுவேல் லெவினும் அவரது குழுவினரும், மிகுந்த சோர்வுடன் வந்து சேர்ந்தோரின் இரத்தத்தில் சர்க்கரை அளவு வெகுவாகக் குறைந்திருந்ததைக் கண்டனர். மறு ஆண்டு ஓட்டத்தின் நடுவே இனிப்பு உண்ணச் செய்தபோது அந்நிலை தவிர்க்கப்பட்டது. ஓட்டக்காரர் நிலைகுலைவதற்கு இதயம் மட்டுமே காரணமன்று என்பதை இவ்வாய்வு காட்டியது.

1927 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹார்வர்டு களைப்பு ஆய்வுக்கூடத்தில் டிமாரும் சோதிக்கப்பட்டார். நகரும் பட்டையின் மீது ஒரே வேகத்தில் ஓடச் செய்து, இவரது இரத்தம் பயிற்சியற்றவர்களின் இரத்தத்துடன் ஒப்பிடப்பட்டது. தசைகளுக்குத் தேவையான ஆக்சிசன் போதிய அளவு கிடைக்காதபோது இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும் என்பது அக்கால அறிவியலாளர்களின் கருத்து. பயிற்சியற்றவர்களிடம் இவ்வமிலம் பன்மடங்கு உயர்ந்த அதே வேகத்தில், டிமாரிடம் அது ஓய்வு நிலையிலிருந்து பெரிதும் மாறவில்லை. மருத்துவர்கள் ஐயுற்ற அந்த இதயம், உடலெங்கும் ஆக்சிசனைக் கொண்டு சேர்ப்பதில் மற்றவர்களின் இதயத்தை விடத் திறம்பட இயங்கியது என்பது இதனால் தெளிவாயிற்று.

பிற்காலமும் மறைவும்

வெற்றிகள் நின்ற பின்னரும் டிமார் ஓடுவதை நிறுத்தவில்லை. 1938 ஆம் ஆண்டு, 49 வயதில், பாஸ்டனில் ஏழாவதாக வந்தார். தமது கடைசிப் பாஸ்டன் மாரத்தானை 1954 ஆம் ஆண்டு, 65 வயதில் ஓடி முடித்தார். வாழ்நாள் முழுவதும் இவர் ஓடிய மாரத்தான்களின் எண்ணிக்கை நூறுக்கு மேற்பட்டது.

இறுதி ஆண்டுகளில் இவருக்குக் குடல் புற்றுநோய் ஏற்பட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரும், 1957 ஆம் ஆண்டில் 15 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்டார். 1958 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் நாள், 70 வயது நிறைந்து நான்கு நாட்களில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரெடிங் நகரில் காலமானார். இவரது இறப்புக்குக் காரணம் புற்றுநோயே அன்றி இதயநோய் அன்று.

உடற்கூறாய்வு அறிக்கை

டிமாரின் உடலைக் கூறாய்வு செய்து கண்டவற்றை ஜேம்ஸ் கரன்ஸ், பால் டட்லி ஒயிட் ஆகிய மருத்துவர்கள் 1961 ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டனர். இவர்களுள் பால் டட்லி ஒயிட், அமெரிக்க இதயக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். 1955 ஆம் ஆண்டு மாரடைப்புக்கு உள்ளான குடியரசுத் தலைவர் ஐசனோவருக்குச் சிகிச்சை அளித்தவர்.

அறிக்கையின்படி டிமாரின் இதய வால்வுகள் இயல்பான நிலையில் இருந்தன. இதயத் தசைக்கு இரத்தம் வழங்கும் முடியுருத் தமனிகள் இயல்பான விட்டத்தைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு அகன்று காணப்பட்டன. அத்தமனிகளின் உட்சுவரில் வயதுக்கேற்ற கொழுப்புப் படிவு ஓரளவு இருந்தது. எனினும் தமனிகள் அகலமாக இருந்தமையால் இரத்த ஓட்டம் தடைப்படவில்லை.

அரை நூற்றாண்டு ஓட்டம் ஒரு மனிதரின் இதயத்தைத் தேய்த்துவிடவில்லை என்பதற்கு இவ்வறிக்கை நேரடிச் சான்றாக அமைந்தது. மாரடைப்புக்குப் பின் நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைப்பது வழக்கமாக இருந்த காலத்தில், நடையும் மிதிவண்டி ஓட்டமும் இதயத்துக்கு நல்லவை என்று ஒயிட் பரப்பி வந்த கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

அறிக்கையின் வரம்புகள்

டிமாரின் இதயம் ஒரேயொரு மனிதரின் இதயமே. அவரது தமனிகள் ஓட்டத்தால் அகன்றனவா, அல்லது பிறவியிலேயே அகன்ற தமனிகள் இருந்தமையால்தான் அவரால் நெடுந்தொலைவு ஓட முடிந்ததா என்பதை இவ்வறிக்கையைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. 1993 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இவ்வினாவுக்கு ஓரளவு விடை தந்தது. மிக நெடுந்தொலைவு ஓடும் ஆண்களின் முடியுருத் தமனிகள், ஓய்வு நிலையில் பயிற்சியற்றோரின் தமனிகளை விடப் பெரிதாக இல்லை. ஆனால் விரிவடையச் செய்யும் மருந்தைக் கொடுத்தபோது அவை இரு மடங்குக்கு மேல் கூடுதலாக விரிந்தன.

இந்த ஐயங்கள் கருதப்படாமல், டிமாரின் நிகழ்வு சில வேளைகளில் அளவுக்கு மீறிப் பொருள்கொள்ளப்பட்டது. 1970களில் அமெரிக்க நோயியலாளர் தாமஸ் பாஸ்லர், மாரத்தான் ஓடி முடிப்பவர்களுக்கு முடியுருத் தமனி நோயால் இறப்பு நேராது என்று வாதிட்டார். தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்சும் குழுவினரும் 1979 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மாரத்தான் ஓட்டக்காரர்கள் சிலரின் தமனிகளில் கடும் நோய் இருந்ததை உடற்கூறாய்வின் வழி நிறுவி, இக்கருத்தை மறுத்தனர்.

1977 ஆம் ஆண்டு வெளியான ஓட்டப் பயிற்சி நூலால் புகழ்பெற்ற ஜிம் பிக்ஸ், 1984 ஆம் ஆண்டு ஜூலை 20 ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 52. அவரது மூன்று தமனிகள் பெரிதும் அடைபட்டிருந்தன. அவரது தந்தையும் 43 வயதில் மாரடைப்பால் இறந்தவர். பிக்ஸ் தாமும் ஓடத் தொடங்குவதற்கு முன் மிகுதியாகப் புகைத்தவர். ஓட்டம் இவ்விடர்களைக் குறைக்கலாமே தவிர முற்றிலும் நீக்கிவிடாது என்பதை அவரது மரணம் உணர்த்தியது. டிமாரைக் கொண்டு ஓட்டம் காக்கும் என்றும், பிக்சைக் கொண்டு ஓட்டம் கொல்லும் என்றும் முடிவு செய்வது ஒரே வகையான பிழையாகும்.

பிற்கால ஆய்வுகள்

தனிமனிதர்களை விடுத்துப் பெருந்தொகையினரை ஆராயும் போக்கு 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. 1953 ஆம் ஆண்டு ஜெர்ரி மோரிசும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், லண்டன் பேருந்துகளில் அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களை விட, படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக ஏற்பட்டது கண்டறியப்பட்டது.

2014 ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று, 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஓடாதவர்களை விட ஓடுபவர்களிடம் ஒட்டுமொத்த இறப்பு வீதம் 30 விழுக்காடும், இதயம் மற்றும் குருதிக்குழாய் நோய்களால் நேரும் இறப்பு வீதம் 45 விழுக்காடும் குறைவாக இருந்தன. நாளொன்றுக்கு 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடியவர்களும் ஏறத்தாழ இதே பயனைப் பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. டிமாரைப் போல் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓட வேண்டிய தேவை உடல்நலத்துக்கு இல்லை என்பது இதனால் தெரியவருகிறது. எனினும் இத்தகைய ஆய்வுகளில், ஏற்கெனவே நலமாக இருப்பவர்களே ஓட முன்வருகின்றனர் என்ற ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை.

போட்டியின்போது நேரும் இடரும் கணக்கிடப்பட்டுள்ளது. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தான், அரை மாரத்தான் ஓட்டங்களில் கலந்துகொண்ட 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதய நிறுத்தம் ஏற்பட்டது. அவர்களில் 42 பேர் இறந்தனர். அரை மாரத்தானை விட முழு மாரத்தானில் இவ்விடர் கூடுதலாக இருந்தது. மறைந்திருக்கும் இதயத்தசை நோயும் தமனி நோயும் இதற்கு முக்கியக் காரணங்களாக இருந்தன. பல ஆண்டுகள் மிகக் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களிடம் சீரற்ற இதயத்துடிப்பும், தமனிகளில் சுண்ணாம்புப் படிவும் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாகவும் ஆய்வுகள் உள்ளன.

நினைவு

கீன் நகரில் 1978 ஆம் ஆண்டு முதல் டிமாரின் பெயரால் மாரத்தான் ஓட்டம் நடத்தப்பட்டு வருகிறது. இன்று ஒருவரது இதயத்தில் முணுமுணுப்பு கேட்டால், ஓட்டத்தைத் தடை செய்வதற்கு முன் அதன் காரணத்தை ஆராய்வதே மருத்துவ நடைமுறை. அந்நிலைக்கு மருத்துவம் வந்து சேர்ந்ததில், 1911 ஆம் ஆண்டில் பாஸ்டனில் எச்சரிக்கப்பட்டு, 1961 ஆம் ஆண்டில் விளக்கம் பெற்ற டிமாரின் இதயத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இவற்றையும் பார்க்க

மாரத்தான் ஓட்டம்
பாஸ்டன் மாரத்தான்
விளையாட்டு வீரர் இதயம்
முடியுருத் தமனி நோய்